கிரேக்கர்கள் செத்த பிறகு எங்கே போனார்கள்? அந்தப் பாதாள வரைபடத்தை நம்பலாமா?

கடலோடி:

இணையத்தில் ஒரு படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். உயிர் போனதும் ஹெர்மீஸ் என்ற கடவுள் வந்து கூட்டிக்கொண்டு போவார், ஆற்றங்கரையில் காரோன் என்ற படகோட்டிக்குக் காசு கொடுக்கவேண்டும், அக்கரையில் மூன்று தலை நாய், அதைத் தாண்டினால் நீதிபதிகள், நல்லவன் எலீசியத்துக்கு, கெட்டவன் டார்டரஸுக்கு, இரண்டும் இல்லாதவன் அஸ்ஃபோடெல் பூத்த புல்வெளிக்கு. கேம் விளையாடுகிற பிள்ளைகள் இதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். பல நூறு ஆண்டுகளில் பல ஊர்களில் பலர் சொன்னதை எல்லாம் ஒரே தாளில் ஒட்டி வைத்ததுதான் இந்தப் படம். மிகப் பழைய கிரேக்கக் கவிஞரான ஹோமரிடம் காரோனே கிடையாது. இன்னொரு பழைய கவிஞரான ஹெசியாடிடமும் கிடையாது. நாய்க்கு மூன்று தலை என்பதுகூட எல்லோரும் சொன்னதில்லை, ஹெசியாட் ஐம்பது தலை என்கிறார்.

ஹோமர் என்னதான் சொல்கிறார்? அவருடைய ஒடிசி காவியத்தின் 11ஆம் பகுதியில், போர் முடிந்து ஊர் திரும்பும் ஒடிசியுஸ் உலகின் விளிம்புக்குப் போய், வாளால் முழ அளவில் ஒரு குழி வெட்டுகிறான். அதில் தேன் கலந்த பால், அப்புறம் ஒயின், அப்புறம் தண்ணீர், மேலே வாற்கோதுமை மாவு. ஆட்டை அறுத்து ரத்தத்தைக் குழியில் விட்டதும் இறந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அவன் தாய் அன்டிக்லேயாவும் வருகிறாள். எதிரில் உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் மகனை அடையாளம் தெரியவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. ரத்தம் குடித்த பிறகுதான் அறிவு திரும்புகிறது. மூன்று முறை கட்டிப்பிடிக்கப் பார்க்கிறான், மூன்று முறையும் கனவு மாதிரி கைக்குள்ளிருந்து நழுவிவிடுகிறாள். இறந்துபோன பெருவீரன் அகில்லீஸ் வந்து, இறந்தவர்களுக்கெல்லாம் அரசனாக இருப்பதைவிட, நிலம்கூட இல்லாத ஏழையிடம் கூலிக்கு வேலை செய்தாவது மண்மேல் இருந்துவிடலாம் என்கிறான்.

இதில் நல்லவன் கெட்டவன் கணக்கு எங்கே இருக்கிறது? தண்டனை அனுபவிப்பவர்கள் என்று அங்கே காட்டப்படுவது டிட்டியோஸ், டான்டலஸ், சிசிஃபஸ் மூன்று பேர்தான். கடவுள்களிடமே வாலாட்டியவர்களாகத்தான் அவர்களைக் கதைகள் சொல்கின்றன. ஹோமரின் இன்னொரு காவியமான இலியட்டில் பொய்ச்சத்தியம் செய்தவர்களுக்குக் கீழே தண்டனை உண்டு என்று ஒரு குறிப்பு வருகிறது, அவ்வளவுதான். மற்றபடி வீரன், கோழை, தாய், தறுதலை எல்லோரும் ஒரே இருட்டில்.

செத்த பிறகு எங்கே போவோம் என்பதில் கிரேக்கர்களுக்குள் ஒத்த கருத்து கடைசிவரை வரவே இல்லை. ஆனால் செத்தவருக்கு இருப்பவர்கள் என்ன செய்யவேண்டும் என்பதில் அவர்கள் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. குழியருகே ஒடிசியுஸிடம் முதலில் வருவது யார் தெரியுமா? தாய் இல்லை, தீர்க்கதரிசி இல்லை. எல்பெனோர் என்ற சாதாரண மாலுமி. மந்திரக்காரி கிர்க்கியின் வீட்டுக் கூரையிலிருந்து போதையில் விழுந்து செத்தவன், புதைக்காமல் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். என்னை எரித்து, கடலோரம் மண்மேடு எழுப்பி, நான் வலித்த துடுப்பை அதன்மேல் நட்டுவை என்கிறான். கிரேக்க மரணத்தின் சாரமே அந்த வேண்டுகோள்தான் என்பது என் எண்ணம். உங்கள் கருத்து?

நிலாமுற்றம்:

அப்படியென்றால் எலீசியம் எங்கிருந்து வந்தது? அதுவும் ஹோமரில்தானே இருக்கிறது?

கடலோடி:

இருக்கிறது, ஒடிசி 4ஆம் பகுதியில். ஆனால் யாருக்கு என்று பாருங்கள். ஸ்பார்ட்டா அரசன் மெனலாவுஸுக்கு. நீ சாகமாட்டாய், கடவுள்கள் உன்னை எலீசியச் சமவெளிக்கு அனுப்புவார்கள், ஏனென்றால் ஹெலன் உன் மனைவி, நீ கடவுள்களின் அரசன் ஸீயஸின் மருமகன் என்று சொல்லப்படுகிறது. அவன் செய்த நல்லதுக்காக என்று ஒரு வரி கிடையாது. உறவுமுறையில் கிடைத்த இடம். அதுவும் சாகாமலே போவது. ஆகவே அதை இறந்தபின் கிடைக்கும் சொர்க்கம் என்று சொல்லவே முடியாது.

வடக்குவீதி:

கடலோடி அண்ணா சொல்வதற்குப் பொருத்தமாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸில் ஒரு கதை உண்டு. படித்ததிலிருந்து மனதைவிட்டு அகலாத கதை. கொரிந்து நகரத்துக் கொடுங்கோலன் பெரியாண்டர் தன் மனைவி மெலிஸாவைத் தானே கொன்றவன். பிறகு ஏதோ ஒரு நண்பர் கொடுத்து வைத்த பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், அகெரோன் ஆற்றங்கரையில் இறந்தவர்களிடம் குறி கேட்கும் இடத்துக்கு ஆள் அனுப்புகிறான். மெலிஸா தோன்றி, சொல்லமாட்டேன் என்கிறாள். ஏன்? எனக்குக் குளிருகிறது, உடம்பில் துணி இல்லை, என்னோடு புதைத்த ஆடைகளை எரிக்கவில்லை, அதனால் அவை எனக்குப் பயன்படவில்லை என்கிறாள். உடனே பெரியாண்டர் கொரிந்துப் பெண்கள் எல்லோரையும் ஹீரா கோயிலுக்கு வரச்சொல்லி, திருவிழா என்று நினைத்து நல்ல ஆடை உடுத்தி வந்தவர்களை, எசமானி வேலைக்காரி என்று பார்க்காமல், அங்கேயே உருவி, ஒரு குழியில் போட்டு மெலிஸாவின் பெயரைச் சொல்லி எரித்தான். இரண்டாவது முறை கேட்டபோது இடத்தைச் சொன்னாள்.

உயிரோடு இருந்தபோது அடித்துக் கொன்றவன், செத்த பிறகு அவள் குளிருக்கு ஊரையே உரிக்கிறான். பயமா, குற்ற உணர்வா, பொருள்மேல் ஆசையா, எதுவாக இருந்தாலும் சரி, இறந்தவளுக்குக் குளிரும் என்பதில் அந்தக் கதையில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

மண்வெட்டி:

நான் கதைகளைவிட மண்ணிலிருந்து எடுத்ததை நம்புகிற ஆள், அதனால் பொருள்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ஏதென்ஸில் வீட்டில் ஒருவர் இறந்தால் பெண்கள்தான் உடலைக் கழுவி, எண்ணெய் பூசி, துணி சுற்றி, கட்டிலில் கிடத்துவார்கள். இலியட்டில் அகில்லீஸின் நண்பன் பத்ரோக்ளஸ் கிடப்பதும் கால் வாசலைப் பார்த்தபடிதான். வாசலில் வெளியிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் ஒரு பானையில் இருக்கும், வந்துபோகிறவர்கள் தீட்டுக் கழிக்கத் தெளித்துக்கொள்வார்கள். பெண்கள் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். ஏதென்ஸ் தேசிய அருங்காட்சியகத்தில் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த ஒரு பெரிய ஜாடி இருக்கிறது, ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரம், கல்லறைமேல் அடையாளமாக நின்றது. உடம்பு முழுக்கக் கோலம் மாதிரி வடிவங்கள், நடுவில் மட்டும் ஒரு சின்னக் கட்டம், அதில் கட்டிலில் ஒரு பிணம், இரண்டு பக்கமும் தலையில் கைவைத்த உருவங்கள். முக்கோண மார்பும் குச்சிக் கையுமாக இருக்கும் அந்த உருவங்களைப் பார்த்தாலே அழுகைச் சத்தம் கேட்கும்.

இந்த அழுகையைக் கட்டுப்படுத்தச் சட்டமே போட்டார்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோலோன், முகத்தைக் கீறிக்கொள்ளக்கூடாது, கல்லறையில் மாடு பலியிடக்கூடாது, மூன்று துணிக்குமேல் உடலோடு வைக்கக்கூடாது என்றார். சூரியன் உதிக்கும் முன் பிணத்தை எடுத்துவிடவேண்டும், ஊர்வலத்தில் ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால், அறுபது வயதுக்குக் குறைந்த பெண்களில் நெருங்கிய சொந்தம் மட்டும் வரலாம். பணக்காரக் குடும்பங்கள் சாவு வீட்டைப் பலம் காட்டும் இடமாக ஆக்கிவிட்டதும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மூன்றாம் நாள், ஒன்பதாம் நாள், முப்பதாம் நாள் சடங்கு, அப்புறம் வருடாவருடம் கல்லறைக்குப் போவது.

கல்லறைக்குக் கொண்டுபோகும் எண்ணெய்க் குப்பியைப் பற்றிச் சொல்லாமல் இருக்கமுடியாது. கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் இதற்கென்றே வெள்ளைப் பூச்சுக் குப்பிகள் செய்தார்கள். வெள்ளைமேல் வரைந்த வண்ணம் தொட்டால் உதிரும், வீட்டுப் புழக்கத்துக்கு ஆகாது, கல்லறைக்கு மட்டும்தான். படம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ஒரு பக்கம் கூடையில் நாடாக்களும் குப்பிகளும் எடுத்துக்கொண்டு ஒரு பெண் வருகிறாள், நடுவில் நாடா கட்டிய நடுகல், மறுபக்கம் இறந்தவனே தன் கல்லறைப் படியில் உட்கார்ந்திருக்கிறான். பல குப்பிகளில் இருவர் பார்வையும் சந்திப்பதில்லை. பெரிய குப்பிகள் சிலவற்றின் கழுத்துக்குக் கீழே, உள்ளுக்குள் தனியாக ஒரு சின்னக் கிண்ணம் ஒட்டியிருக்கும். எண்ணெய் அந்தக் கிண்ணத்தை மட்டும்தான் நிரப்பும். வெளியிலிருந்து பார்த்தால் குப்பி நிறைய எண்ணெய். சூளையில் வெடிக்காமல் இருக்க, வெளிச்சுவரில் காற்றுப்போக ஒரு துளையும் போட்டிருப்பார்கள், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கலாம்.

இதைக் கஞ்சத்தனம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எண்ணெய் விலை அதிகம், ஆனால் வெறுங்கையோடும் போகமுடியாது, சின்னக் குப்பியோடும் போக மனமில்லை. வசதி இல்லாத குடும்பம் இறந்தவருக்கு எப்படியாவது சரியாகச் செய்யப் பார்த்த பாடு அது.

புதியவன்83:

அருமையான இழை. ஒரு சந்தேகம். இவ்வளவு கறாராக இருந்தவர்கள் போர்க்காலத்தில், கொள்ளைநோய்க் காலத்தில் என்ன செய்தார்கள்?

கடலோடி:

நல்ல கேள்வி, அங்கேதான் இது எவ்வளவு ஆழம் என்று தெரியும்.

போர் முடிந்ததும் தோற்றவன் தூதுவனை அனுப்பி, பிணங்களை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்பான். கேட்டாலே தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். கி.மு. 425இல் ஏதென்ஸ் தளபதி நிக்கியாஸ் கொரிந்துக்காரர்களைத் தோற்கடித்துவிட்டுக் கிளம்புகிறார், இரண்டு பிணங்கள் விடுபட்டுப் போனது பிறகுதான் தெரிகிறது. ஜெயித்தவர், தூதுவனை அனுப்பிக் கேட்கிறார்! வெற்றிப் பெருமை போனாலும் பரவாயில்லை, தன் ஆட்கள் இரண்டு பேரைப் புதைக்காமல் விடமாட்டேன் என்பதுதான் அதில் இருந்தது என்று ப்ளூட்டார்க் எழுதுகிறார்.

கி.மு. 406 ஆர்கினூசாய் கடற்போர் இன்னும் கொடுமை. ஸ்பார்ட்டாவை எதிர்த்து ஏதென்ஸுக்குப் பெரிய வெற்றி. ஆனால் புயல் வந்துவிட்டதால் உடைந்த கப்பல்களில் இருந்தவர்களை எடுக்கமுடியவில்லை. உயிரோடு தத்தளித்தவர்களைக் காப்பாற்றவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு என்று செனஃபோனும், பிணங்களை எடுக்கவில்லை என்பதுதான் என்று டியோடோரஸும் எழுதுகிறார்கள். எட்டுத் தளபதிகளில் ஊர் திரும்பிய ஆறு பேருக்கும் மரண தண்டனை, ஏதென்ஸின் பெரிய தலைவர் பெரிக்ளீஸின் மகன் உட்பட. எல்லோரையும் ஒரே வாக்கெடுப்பில் தீர்ப்பது சட்டவிரோதம் என்று எதிர்த்து நின்றவர் சாக்ரடீஸ். போரில் ஜெயித்துக் கொடுத்தவர்களையே கொல்லும் அளவுக்கு அந்த ஊருக்கு ஆத்திரம் வந்தது என்றால் யோசித்துப் பாருங்கள்.

கொள்ளைநோய் கி.மு. 430. அப்போது சடங்கெல்லாம் குலைந்துபோனதை தூசிடிடீஸ் வெட்கத்தோடு எழுதுகிறார்: வேறு யாரோ அடுக்கிய சிதையில் முந்திக்கொண்டு தங்கள் பிணத்தை வைத்துத் தீ மூட்டினார்கள், எரிந்துகொண்டிருந்த சிதையில் தூக்கி எறிந்துவிட்டு ஓடினார்கள். 1990களில் மெட்ரோ ரயில் வேலையின்போது ஏதென்ஸின் பழைய இடுகாடான கெராமெய்கோஸ் அருகே அந்தக் காலத்துப் பிணக்குழி ஒன்று கிடைத்தது. மேலே போகப்போக உடல்கள் தாறுமாறாகக் கிடந்தன. தூசிடிடீஸ் சொன்னது அப்படியே எலும்பாக.

அரளிப்பூ:

கடலோடி அண்ணா, தகவல் எல்லாம் சரி, ஆனால் நீங்கள் ஒரு பக்கத்தைத்தான் தூக்கிப் பிடிக்கிறீர்கள். இருப்பவர்கள் என்ன செய்தார்கள் என்பது மட்டும்தான் முக்கியம், போகிறவருக்கு நம்பிக்கை என்று ஒன்றும் இல்லை என்கிற மாதிரி இருக்கிறது. ஏராளமான கிரேக்கர்கள் தங்கள் கதி என்ன என்று தவித்திருக்கிறார்கள், அதற்கு வழியும் தேடியிருக்கிறார்கள்.

1969இல் தென் இத்தாலியில் ஹிப்போனியோன் என்ற பழைய கிரேக்கக் குடியேற்றத்தில், இன்றைய விபோ வாலென்ஸியா, ஒரு பெண்ணின் கல்லறையில் மடித்த தங்கத் தகடு கிடைத்தது. கி.மு. 400ஐ ஒட்டிய காலம். விரித்தால் ஏறக்குறைய தீப்பெட்டி அளவு. அதில் பொடி எழுத்தில் வழி எழுதியிருக்கிறது. பாதாள அரசன் ஹேடிஸின் வீட்டில் வலப்பக்கம் ஒரு ஊற்று இருக்கும், பக்கத்தில் வெள்ளையாக ஒரு சைப்ரஸ் மரம் நிற்கும், கீழே இறங்கி வரும் உயிர்கள் அங்கேதான் தாகம் தீர்த்துக்கொள்கின்றன, நீ அந்தப் பக்கமே போகாதே. இன்னும் தள்ளிப் போனால் நினைவின் ஏரியிலிருந்து குளிர்ந்த நீர் ஓடிவரும், காவலர்கள் நிற்பார்கள், இருட்டில் என்ன தேடுகிறாய் என்று கேட்பார்கள். அவர்களிடம் சொல்: நான் பூமிக்கும் விண்மீன் நிறைந்த வானத்துக்கும் பிள்ளை, தாகத்தால் வறண்டு செத்துக்கொண்டிருக்கிறேன், நினைவின் ஏரித் தண்ணீரைச் சீக்கிரம் கொடுங்கள்.

அந்தப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஹோமரில் இறந்தவர்களுக்கு நினைவே தங்காது, சொந்த மகனைத் தெரியாது. இவள் அதை ஏற்கவில்லை. நான் மறக்கமாட்டேன், எந்தத் தண்ணீரைக் குடிக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும் என்று தங்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போகிறாள். தெசலியில் பெலின்னா என்ற இடத்தில் 1985இல் கிடைத்த இரண்டு தகடுகள் இலை வடிவத்தில் வெட்டியவை, அவையும் ஒரு பெண்ணின் மார்பில் இருந்தவை. இப்போது செத்தாய், இப்போது பிறந்தாய், மும்முறை பேறு பெற்றவளே, இதே நாளில். பாக்கஸே உன்னை விடுவித்துவிட்டார் என்று பெர்செஃபோனியிடம் சொல். (பாக்கஸ் ஒயின் கடவுள், பெர்செஃபோனி பாதாள அரசி.) இதைப் படித்துவிட்டு இவர்களுக்கு நம்பிக்கை இல்லை என்று யாராவது சொல்லமுடியுமா?

தகடு வைக்க வசதி வேண்டும், அது சிலருக்குத்தான் என்பீர்கள். சரி, டிமீட்டர் தெய்வத்தின் ரகசியச் சடங்கு நடந்த எலூசிஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஏதென்ஸிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம். இலையுதிர் காலத் தொடக்கத்தில் வருடாவருடம் தீட்சை. ஆண், பெண், அடிமை யாரும் வரலாம், கிரேக்கம் பேசத் தெரிந்திருக்கவேண்டும், கொலைப் பழி இருக்கக்கூடாது, அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு பன்றிக்குட்டியோடு கடலில் முழுகி, புனிதச் சாலையில் ஊர்வலமாக நடந்து, விரதமிருந்து, வாற்கோதுமையும் புதினா வகை இலையும் கலந்த பானத்தைக் குடித்து, இரவில் அந்தப் பெரிய மண்டபத்துக்குள் போவார்கள். உள்ளே என்ன பார்த்தார்கள் என்பதை வெளியே சொன்னால் மரண தண்டனை. கி.மு. 415இல் அந்தச் சடங்கை வீட்டில் நடித்துக் காட்டியதாகச் சொல்லித்தான் ஏதென்ஸ் தளபதி அல்கிபியாடீஸ் மேல் வழக்கு வந்தது. இத்தனை நூற்றாண்டு, இத்தனை ஆயிரம் பேர் பார்த்தும் ரகசியம் வெளியே வரவில்லை. இதைக் கண்டவன் பேறு பெற்றவன், காணாதவனுக்குக் கீழ் இருட்டில் அதே பங்கு கிடையாது என்று டிமீட்டருக்கான பழைய துதி சொல்கிறது. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் கடைசிவரை இது நடந்தது. கூலிக்கு வேலை செய்யும் அடிமைகூட அந்த மண்டபத்திலிருந்து பயம் குறைந்து திரும்பியிருப்பான்.

வடக்குவீதி:

எலூசிஸ் பற்றி அந்தக் காலத்திலேயே ஒரு ஆட்சேபம் இருந்தது. தத்துவஞானி டயோஜெனீஸ் கேட்டாராம்: பட்டைக்கியோன் என்ற திருடன் தீட்சை வாங்கியதால் அவனுக்கு நல்ல கதி, தீபஸின் பெரிய தளபதி எபமினோன்டாஸ் வாங்காததால் அவருக்குப் பாதாளச் சேறா? எனக்கும் அதே கேள்விதான். நடத்தையைப் பார்க்காமல் சடங்கைப் பார்த்துக் கொடுக்கும் கதி.

மண்வெட்டி:

காரோன் காசு பற்றி ஒன்று. எல்லாக் கிரேக்கக் கல்லறையிலும் பிணத்தின் வாயில் காசு இருக்கும் என்று நினைக்காதீர்கள். தோண்டிய கல்லறைகளில் சிறு பகுதியில்தான் காசு கிடைக்கிறது, அதுவும் சிலதில் வாயில், சிலதில் கையில், சிலதில் உடலுக்குப் பக்கத்தில். பழக்கம் பரவலானதே பின்னாளில்தான். எழுத்தில் முதலில் வருவது கி.மு. 405இல் அரிஸ்டோஃபனீஸ் எழுதிய தவளைகள் நாடகத்தில், அங்கே கூலி இரண்டு ஓபோல், அதாவது சின்ன வெள்ளிக்காசு. ஏன் வாயில்? அந்தக் காலத்தில் சில்லறையை வாயில் அதக்கிக்கொண்டுதான் சந்தைக்கே போவார்கள், அதே அரிஸ்டோஃபனீஸின் நாடகங்களில் அதுவும் வருகிறது. உயிரோடு இருப்பவன் காசு வைத்திருக்கும் இடத்திலேயே இறந்தவனுக்கும் வைத்தார்கள்.

அரளிப்பூ:

அண்ணா, இன்னொன்று. முழு வரைபடத்தை யாரும் நம்பவில்லை என்ற தொனியில் தொடங்கினீர்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் நையாண்டி எழுத்தாளர் லூசியன் துக்கம் பற்றி எழுதியதைப் படித்திருப்பீர்கள். படகோட்டி, நாய், மினோஸ், ராடமாந்திஸ் என்ற நீதிபதிகள், நல்லவர்களுக்கு எலீசியம், பாவிகளுக்குச் சித்திரவதை, நடுத்தரம் புல்வெளியில். நீங்கள் தப்பு என்கிற அதே படம். பாமர மக்கள் ஹோமரையும் ஹெசியாடையும் நம்பி இப்படித்தான் நினைக்கிறார்கள் என்று கேலி செய்கிறார். கேலி செய்யும் அளவுக்கு நம்பியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

கடலோடி:

லூசியன் முக்கியமான சாட்சி, மறுக்கவில்லை. ஆனால் ஹோமருக்கும் அவருக்கும் நடுவில் கிட்டத்தட்ட 900 ஆண்டு. ரோமப் பேரரசுக் காலத்து மக்கள் நம்பியதை எல்பெனோருக்குப் போட்டுவிட முடியாது.

அதோடு அதே இடத்தில் அடுத்து என்ன எழுதுகிறார் என்று பாருங்கள் தங்கச்சி. அந்த நடுத்தர உயிர்கள், அதாவது மனிதரில் பெரும்பாலானவர்கள், நாம் கல்லறையில் ஊற்றுவதையும் எரிப்பதையும்தான் சாப்பிடுகிறார்கள், மண்மேல் சொந்தமோ நண்பனோ இல்லாதவன் அங்கே பட்டினி கிடக்கிறான் என்கிறார். நீதிபதி வந்தாச்சு, எலீசியம் வந்தாச்சு, ஆனாலும் சாப்பாடு பிள்ளைகள் கையில்தான்.

தங்கத் தகடு பற்றி நீங்கள் சொன்னதை மனதார ஏற்கிறேன், அந்தப் பெண்ணின் துணிச்சல் பெரியது. எதையும் நம்பாதவர்களும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கவிஞர் கலிமகஸின் ஒரு குறும்பாடலில், வழிப்போக்கன் கல்லறையைக் கேட்கிறான்: காரிடாஸ், கீழே எப்படி? ஒரே இருட்டு. மேலே வரும் வழி? பொய். புளூட்டோ (ஹேடிஸின் இன்னொரு பெயர்)? கட்டுக்கதை. செத்தோம் நாம்! கி.மு. 432இல் போட்டிடையா நகரப் போரில் விழுந்த வீரர்களுக்கு ஏதென்ஸ் அரசே வைத்த கல்வெட்டில், உயிர்களை வானவெளி வாங்கிக்கொண்டது, உடல்களை மண் வாங்கிக்கொண்டது என்று இருக்கிறது. ஹேடிஸே இல்லை! ஊர்ப் பொதுக் கல்லறையில் இப்படி எழுதியதற்கு யாரும் கொடி பிடித்ததாகத் தெரியவில்லை.

தத்துவஞானி எபிக்யூரஸை எடுங்கள். நாம் இருக்கும்போது மரணம் இல்லை, மரணம் வரும்போது நாம் இல்லை, ஆகவே அது நமக்கு ஒன்றுமே இல்லை என்று கற்பித்தவர். அவர் உயிலில் என்ன இருக்கிறது? என் தந்தைக்கும் தாய்க்கும் சகோதரர்களுக்கும் செய்யவேண்டிய படையல்களைத் தவறாமல் செய்யுங்கள், என் பிறந்தநாளை வழக்கம்போல் கொண்டாடுங்கள், மாதாமாதம் 20ஆம் நாள் எங்களை நினைத்துக் கூடுங்கள். உயிர் அணு அணுவாகச் சிதறிவிடும் என்று சொன்னவரே காரியத்தை விடவில்லை. ஏதென்ஸில் ஆர்க்கோன் என்ற உயர் அரசுப் பதவிக்கு ஒருவர் தேர்வானால் கேட்கும் கேள்விகளில் ஒன்று, உன் குடும்பக் கல்லறைகள் எங்கே இருக்கின்றன என்பது. பெற்றோரை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறாயா என்பது இன்னொன்று. பாதாளத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று யாரும் கேட்டதில்லை.

புதியவன்83:

மறுபிறவியும் கிரேக்கர்களிடம் இருந்ததாமே. நம் நாட்டிலிருந்து போனதா?

அரளிப்பூ:

இருந்தது, ஆனால் பெரும்பான்மை நம்பிக்கை இல்லை. பித்தாகரஸ் ஒரு நாயை யாரோ அடிப்பதைப் பார்த்து, அடிக்காதே, அது என் நண்பனின் உயிர், குரலிலிருந்து அடையாளம் தெரிகிறது என்றாராம். அவர் காலத்திலேயே வாழ்ந்த கவிஞர் செனஃபனீஸ் கிண்டலாக எழுதிய பாட்டு இது. தத்துவஞானி எம்பெடோக்ளீஸ், நான் ஏற்கெனவே சிறுவனாக, சிறுமியாக, புதராக, பறவையாக, கடல் மீனாக இருந்திருக்கிறேன் என்றார். பிளேட்டோ சொல்லும் ஏர் என்ற வீரனின் கதையில், சிதைமேல் பன்னிரண்டாம் நாள் எழுந்தவன், உயிர்கள் அடுத்த பிறவியைத் தாங்களே தேர்ந்தெடுப்பதைப் பார்த்ததாகச் சொல்கிறான். அகமெம்னோன் என்ற அரசன் கழுகுப் பிறவியை எடுக்கிறான். கடைசிச் சீட்டு ஒடிசியுஸுக்கு, அவன் தேடித்தேடி யாரும் சீண்டாமல் கிடந்த ஒரு சாதாரண மனிதனின் வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறான்.

இந்தியாவிலிருந்து போனது என்பதற்கு ஆதாரம் கிடையாது. பித்தாகரஸ் இந்தியாவுக்கு வந்தார் என்பது பல நூற்றாண்டு கழித்துச் சேர்ந்த கதை. ஹெரோடோட்டஸ் எகிப்திலிருந்து வந்தது என்கிறார், ஆனால் எகிப்தியர்களிடம் அப்படிப்பட்ட மறுபிறவிக் கோட்பாடே இல்லை.

மண்வெட்டி:

எல்லோரும் அன்பு, கடமை, நம்பிக்கை என்று பேசுகிறீர்கள். பயத்தை விட்டுவிட்டீர்கள். கெராமெய்கோஸ் கல்லறைகளிலிருந்து ஈயத் தகடுகள் கிடைத்திருக்கின்றன. வழக்கில் எதிராளியின் நாக்கைக் கட்டு, அவன் சாட்சிகளின் வாயைக் கட்டு என்று எழுதி, சுருட்டி, ஆணி அடித்து, யாரோ ஒருவருடைய கல்லறையில் இரவில் செருகிவிட்டுப் போவார்கள். அதுவும் இளவயதில், அகாலமாகச் செத்தவரின் கல்லறை என்றால் விசேஷம், ஏனென்றால் அந்த உயிர் அமைதி இல்லாமல் அலையும், வேலை வாங்கலாம்.

அப்புறம் அன்தெஸ்டீரியா. பிப்ரவரி மாதத்தை ஒட்டி ஏதென்ஸில் மூன்று நாள் ஒயின் திருவிழா. புது ஒயின் ஜாடிகளைத் திறப்பது, போட்டி போட்டுக் குடிப்பது எல்லாம் நடக்கும் அதே நாள்களில் இறந்தவர்கள் ஊருக்குள் உலவுவதாக நம்பினார்கள். கதவில் கீல் பூசுவார்கள், ஒரு முள்செடி இலையைக் காலையிலிருந்து மெல்லுவார்கள். எல்லாத் தானியத்தையும் ஒரே பானையில் வேகவைத்து ஹெர்மீஸுக்குப் படைப்பார்கள். முடிந்ததும், வெளியே போங்கள், அன்தெஸ்டீரியா முடிந்துவிட்டது என்று விரட்டிவிடுவார்கள். விருந்தும் வைத்து வெளியேயும் அனுப்புவது.

நிலாமுற்றம்:

அந்தத் தானியப் பானை இன்றும் கிரேக்கத்தில் இருக்கிறதா? ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தில் வேகவைத்த கோதுமை தருவதைப் பார்த்திருக்கிறேன்.

கடலோடி:

அதன் பெயர் கோலிவா. வேகவைத்த கோதுமை, மாதுளை முத்து, திராட்சை, பாதாம், மேலே சர்க்கரைப் பொடியில் சிலுவை. நாற்பதாம் நாளும் வருடாந்திரமும் தேவாலயத்தில் வைத்து ஜெபித்துவிட்டு வந்தவர்களுக்குப் பங்கிடுவார்கள். அந்தப் பழைய பானையிலிருந்து நேராக வந்தது என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை, நடுவில் கிறிஸ்தவத்தின் நீண்ட காலம் இருக்கிறது. ஆனால் நாட்டுப்புற ஒப்பாரிகளில் மரணத்தின் பெயர் இன்றைக்கும் காரோஸ்தான், அதில் சந்தேகமே வேண்டாம். படகு போய்விட்டது, இப்போது அவன் கறுப்புக் குதிரைமேல் வருகிறான், இளைஞர்களை முன்னால் நடக்கவிட்டு, கிழவர்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு, குழந்தைகளைச் சேணத்தில் வரிசையாக உட்காரவைத்துக்கொண்டு போகிறான் என்று பாடுகிறார்கள்.

மண்வெட்டி பயத்தைப் பற்றிச் சொன்னது சரி, அதை நான் என் பக்கம்தான் சேர்த்துக்கொள்வேன். சரியாகச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் அது. மெலிஸாவுக்குக் குளிரியதைப் போல.

வடக்குவீதி:

அண்ணா, எல்பெனோர் கேட்ட துடுப்பை நட்டார்களா இல்லையா?

கடலோடி:

நட்டார்கள். 12ஆம் பகுதியின் தொடக்கத்திலேயே இருக்கிறது. கிர்க்கியின் தீவுக்குத் திரும்பியதும் முதல் வேலை அதுதான். விறகு வெட்டி, அவனையும் அவன் ஆயுதங்களையும் எரித்து, மேடு எழுப்பி, கல் நட்டு, உச்சியில் துடுப்பு. அதன் பிறகுதான் சாப்பிட உட்காருகிறார்கள்.